பத்துக் கழகத்தில நாங்கள் எங்க?

வாசிகசாலைத் திண்ணையில் ஒரு போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து ஆறு பேர் பார்த்தோம். ஸூம் லெக்சருக்கென்று போட்ட டேட்டா அது. இடைக்கிடை படம் நின்றுவிடும், பந்து அந்தரத்தில் தொங்கும். திரும்ப ஓடத் தொடங்கும்போது ஆரோ கோல் அடித்து முடித்திருப்பார்கள். 3-3. பிறகு பெனால்டி. பிறகு சீஷெல்ஸ் பெடியள் ஓடிப்போய் ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்தார்கள். எங்களுடைய ஆட்கள் நடு மைதானத்தில் அப்படியே இருந்துவிட்டார்கள். திண்ணையில் ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை. வெளியே நவம்பர் மழை. "சரி, நாளைக்கு அசைன்மென்ட் இருக்கு" என்று ஒருத்தன் எழும்பினான். அவ்வளவுதான்.

விடிந்து பார்த்தால் முகநூல் முழுக்க மீம். ஒரு லட்சம் சனம் இருக்கிற நாட்டிட்டத் தோத்த ரீம் எண்டு வடிவேலு அழுகிறார். கவுண்டமணி உதைக்கிறார். உண்மையைச் சொன்னால் அதில் இரண்டை நாங்களும் ஷெயார் பண்ணினோம். அதனால் இந்தக் கட்டுரையை மேலே நின்று கீழே பார்த்து எழுதவில்லை. சிரித்தவர்களில் நாங்களும் உண்டு. சிரித்து முடிந்த பிறகுதான் கேட்டோம்: நாங்கள் ஆரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

முதலில் நடந்ததைப் பார்ப்போம். ஒக்ரோபரில் மாலேயில் தெற்காசியக் கிண்ணம். பங்களாதேஷிடம் 0-1, நேபாளத்திடம் 2-3, மாலைதீவிடம் 0-1. இந்தியாவோடு 0-0. ஐந்து அணிகளில் கடைசி, கையில் ஒரே ஒரு புள்ளி. ஆனால் அந்த ஒரு புள்ளி, பின்னர் கிண்ணத்தையே தூக்கிய இந்தியாவிடம் எடுத்த புள்ளி. நவம்பரில் கொழும்பு ரேஸ்கோர்ஸில் நான்கு நாடுகள் தொடர். மாலைதீவோடு 4-4. சீஷெல்ஸிடம் 0-1. பங்களாதேஷை 2-1 என்று வென்று இறுதிக்குப் போனோம். அங்கே மீண்டும் சீஷெல்ஸ். இரண்டு தொடரையும் கூட்டினால் எட்டு ஆட்டம், ஒரு வெற்றி. நவம்பரில் மட்டும் நாலு ஆட்டத்தில் ஒன்பது கோல் அடித்து ஒன்பது கோல் வாங்கியிருக்கிறோம்.

ஒன்பது அடித்து ஒன்பது வாங்குகிற அணியை 'ஆடத் தெரியாதவன்கள்' என்று சொல்ல ஏலாது. அடிக்கத் தெரிகிறது. எண்பது நிமிடத்துக்குப் பிறகு நிற்கத் தெரியவில்லை. முன்னுக்கு ஏறினவன் திரும்பி வர முதல் பின்னுக்கு வெளித்துவிடுகிறது. பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையில் ஒரு லொறி திருப்பலாம். வருடம் முழுக்கச் சேர்ந்து ஆடாத ஆட்களை ஒரு முகாமுக்குள் கொஞ்ச நாள் போட்டு எடுத்தால் வருகிற நோய் இது. வெறும் 'மனவுறுதி' இல்லாததால் வருவதில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் 'பெடியளுக்கு வெறி இல்லை, நாட்டுப்பற்று இல்லை' என்று எழுதுகிறவர்கள் உள்ளார்கள். நாட்டுப்பற்று இருந்தால் தொடைத் தசை பிடிக்காதா? பிடிக்கும் ஐயா. தொண்ணூறு நிமிடம் ஓடுவதற்கு உடம்பு வேணும். உடம்புக்குச் சாப்பாடு வேணும், ஓய்வு வேணும், கிழமைக்குக் கிழமை ஆட்டம் வேணும்.

அடுத்த சாட்டு, 'இது கிரிக்கெட் நாடு.' எங்களுக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. குருநகரில், நாவாந்துறையில், மன்னார் பனங்கட்டுக்கொட்டில், பேருவளையில், நீர்கொழும்பில், கொம்பனித்தெருவில் ஒருக்கால் பின்னேரம் போய்ப் பாருங்கள், எந்தப் பந்து உருளுகிறது என்று. கடற்கரை ஊர்கள் எதுவும் கிரிக்கெட் ஊர் இல்லை. வள்ளத்தால் இறங்கிக் காலில் மணலோடு ஆட வருகிற ஆட்கள். பந்து ஒன்று, கல்லு நாலு, வேறென்ன வேணும். கிரிக்கெட் நாடு என்று சொல்வதன் அர்த்தம், காசும் தொலைக்காட்சியும் கிரிக்கெட்டிடம் இருக்கிறது என்பதுதான். சனத்தின் விருப்பம் எங்கே என்பது வேறு கேள்வி, அதை ஒருத்தரும் எண்ணிப் பார்க்கவில்லை.

'சின்ன நாடு' என்ற சாட்டும் அப்படித்தான். மாலைதீவில் சனம் ஐந்து லட்சம் அளவில். 2008இல் இதே கொழும்பில் வைத்து இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைக் கொண்டுபோனார்கள். 2018இல் இன்னொரு தடவை. இங்கே இரண்டு கோடிக்கு மேல் சனம். 1995இல் ஒருதரம் வென்றோம், அதுவும் கொழும்பில்தான், அதுவும் இந்தியாவைத்தான். இதை எழுதுகிற ஆறு பேரில் ஒருத்தரும் அப்போது பிறந்திருக்கவில்லை. 2006இல் ஏஎஃப்சி சலஞ்ச் கிண்ண இறுதிக்குப் போய் தஜிகிஸ்தானிடம் 0-4 என்று தோற்றோம், ஆனாலும் இறுதிக்குப் போனோம். 2015இல் உலகத் தரவரிசையில் ஆகக் கடைசியில் கிடந்த பூட்டானிடம் உலகக் கிண்ணத் தகுதிகாணில் இரண்டு ஆட்டமும் தோற்றோம், முதல் ஆட்டம் கொழும்பில். 2021இல் இருநூறுக்கும் கீழே கிடந்தோம். இறுதிப்போட்டிக்குப் போகக்கூடிய ஒரு அணி ஒன்பது வருடத்தில் பூட்டானிடம் தோற்கிற அணியாக மாறினால், இடையில் பிறந்த பிள்ளைகளின் கால்களில் ஏதும் குறை வந்திருக்குமா? இந்தக் கால இடைவெளிக்குள்தான், பல வருடம் சம்மேளனத்தை ஆண்ட மணிலால் பெர்னாண்டோவை 2013இல் ஃபிபா தடை செய்தது. முதலில் எட்டு வருடம், பிறகு வாழ்நாள் முழுக்க. மீம் போடுகிற ஆட்கள் ஒருத்தரும் இதற்கு மீம் போட்டு நாங்கள் பார்க்கவில்லை.

இனி எங்களை உண்மையாகவே கோபப்படுத்திய விசயத்துக்கு வருகிறோம்.

இந்தத் தொடரின் பெயர் 'பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ கிண்ணம்'. அப்போது பதவியில் இருந்த பிரதமரின் பெயரில் கிண்ணம். இறுதிப்போட்டிக்கு ஃபிபா தலைவர் இன்பன்டினோவே இலங்கைக்கு வந்தார். மாலை, மரியாதை, படம். பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாட்டில், பசளை இல்லாமல் வயல் மஞ்சளாகிக் கிடந்த நாட்டில், ஒரு கிண்ணத்துக்கு அப்போது ஆண்ட குடும்பத்தின் பெயர். கிண்ணத்தை எங்களால் கையில் வைத்திருக்க முடியவில்லை, சீஷெல்ஸ்காரர் கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் நாட்டு நூதனசாலையில் அந்தப் பெயர் இருக்கட்டும், பாவங்கள்.

சிலர் சொல்வார்கள், பெயரில் என்ன கிடக்கு, போட்டி நடந்ததே பெரிய விசயம் என்று. சரி, போட்டி நடந்தது நல்லது. வீரர்களுக்கு நாலு சர்வதேச ஆட்டம் கிடைத்தது, அதை நாங்கள் குறைக்கவில்லை. ஆனால் காட்சிக்கு வைக்கிற ஒரு தொடருக்கு இருக்கிற அவசரம், அந்தத் தொடருக்கு வீரர்களை உருவாக்குகிற லீக்குக்கு ஏன் இல்லை?

லீக் பற்றிக் கதைப்போம். 2021இல்தான் 'சூப்பர் லீக்' தொடங்கினார்கள். நாட்டின் முதலாவது தொழில்முறை உதைபந்தாட்ட லீக் என்றார்கள். நாங்கள் சந்தோசப்பட்டோம், பொய் சொல்லவில்லை. பத்துக் கழகங்கள். பெயர்களை வரிசையாக வாசியுங்கள்: புளூ ஸ்டார், ரெட் ஸ்டார்ஸ், ரினோன், கொழும்பு எஃப்சி, நியூ யங்ஸ், ரட்ணம், அப்கன்ட்ரி லயன்ஸ், டிஃபென்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ். ரட்ணம் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது கொழும்புக் கழகம். வடக்கிலிருந்து எத்தனை? கிழக்கிலிருந்து எத்தனை? கை விரல் ஒன்றும் மடக்கத் தேவையில்லை.

கடைசி மூன்று பெயரையும் திரும்ப வாசியுங்கள். டிஃபென்டர்ஸ் இராணுவத்தின் அணி. சீ ஹோக்ஸ் கடற்படையின் அணி. புளூ ஈகிள்ஸ் விமானப்படையின் அணி. பத்தில் மூன்று. இது இந்த வருடம் வந்த புதுக் கதை இல்லை. இந்த நாட்டில் உதைபந்து ஆடி மாதச் சம்பளம் எடுக்க வேண்டுமென்றால் படையிலோ பொலிஸிலோ சேர வேண்டும் என்பது பழைய வழக்கம். சேர்ந்தால் சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி, ஓய்வூதியம். தெற்கில் ஒரு வறிய வீட்டுப் பெடியனுக்கு அது ஒரு நேர்மையான வழி. அப்படிச் சேர்ந்து ஆடுகிற ஒரு வீரனையும் நாங்கள் குறை சொல்ல வரவில்லை. அவனுடைய வீட்டு அடுப்பைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்?

ஆனால் அதே வழியை முல்லைத்தீவுப் பெடியன் ஒருத்தனிடம் காட்டிப் பாருங்கள். அவனுடைய அம்மா வாசலில் நின்று என்ன சொல்லுவா? நவம்பர் மாதத்தில் எங்களுடைய றோட்டில் என்ன யூனிபோம் நிற்கிறது, என்னத்துக்கு நிற்கிறது என்று தெரிந்த ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு விளக்கினாலும் விளங்காது. ஒரு நாட்டின் உதைபந்தாட்டத்தில் சம்பளத்துக்கான கதவு இராணுவ முகாமின் கதவாக இருந்தால், அந்தக் கதவால் போக ஏலாத பிள்ளைகள் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறார்கள். தேர்வாளர் எவரும் 'தமிழன் வேண்டாம்' என்று சொல்லத் தேவையில்லை. ஒழுங்கமைப்பே சொல்லிவிடுகிறது. இனவாதம் என்றால் எப்போதும் ஆரோ கத்திப் பேசுவதுதான் என்று நினைக்கிற எங்களுடைய நண்பர்களுக்கும் இதைச் சொல்கிறோம்.

'தகுதி இருந்தால் வரலாம்தானே, வடக்குக் கழகங்களுக்குத் தகுதி இல்லை' என்று ஒரு பதில் வரும். தொழில்முறை லீக்குக்குக் கணக்கு வழக்கு வேணும், அலுவலகம் வேணும், இளையோர் அணி வேணும், பயிற்றுநருக்குச் சான்றிதழ் வேணும், பணம் வேணும். எல்லாம் சரி. முப்பது வருடம் போர் நடந்த இடத்தில் மைதானங்கள் முகாமாகவும் பற்றைக் காடாகவும் கிடந்தன. ஏ9 பாதை பூட்டினால் ஒரு அணி கொழும்புக்கு ஆட்டத்துக்குப் போக ஏலாது. கழகத்தின் ஆட்களில் பாதிப் பேர் வெளிநாடு, மிச்சத்தில் எத்தனை பேர் மண்ணுக்குள்ளே. அப்படிக் கிடந்து எழும்பிய கழகத்திடம் 2021இல் வந்து 'உன்னுடைய கணக்காய்வு அறிக்கை எங்கே' என்று கேட்பது நியாயமாகத் தெரியலாம். எல்லோருக்கும் ஒரே சட்டம்தானே. ஓட்டப் போட்டியில் ஒருத்தனுடைய காலைக் கட்டிப்போட்டுவிட்டு, பிறகு அவிழ்த்து, 'இனி எல்லோருக்கும் ஒரே கோடு' என்று சொன்னது போல இது. தகுதி இல்லையென்றால் தகுதி வர என்ன செய்தீர்கள்? ஒரு பத்து வருடத்தில் ஒரு கழகத்தையாவது தூக்கி நிமிர்த்த முடியவில்லையா?

ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பாடும்மீன், சென்மேரிஸ், யங் ஹென்றிசியன்ஸ் என்று சொன்னாலே எங்களுடைய அப்பாமாரின் முகம் மாறும். இளவாலை ஹென்றியரசரும் சென் பற்றிக்ஸும் ஆடினால் மதிலில் ஏறி நிற்கிற சனம் இப்பவும் இருக்கு. தெல்லிப்பழை மகாஜனாப் பெட்டையளைக் கேளுங்கள். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த பாடசாலை அது. அகில இலங்கை மட்டத்தில் பலமுறை வென்றார்கள், தேசிய அணிக்கும் போனார்கள். ஏஎல் முடிந்த பிறகு அவர்களுக்கு ஆட எங்கே லீக் இருக்கிறது? பெடியளுக்கு மூடின கதவு பெட்டையளுக்குச் சுவராகவே இருக்கு. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். எங்களுக்குள் ஒரு தோழி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள், நாங்கள் எழுதினால் அரைகுறையாகத்தான் வரும்.

மன்னாரின் டக்சன் பியூஸ்லஸை எடுங்கள். தேசிய அணியில் பின்வரிசையில் ஆடியவர். கழக ஆட்டத்துக்கு அவர் போனது மாலைதீவுக்கு. தலைமன்னாரில் நின்று பார்த்தால் இந்தியா தெரியும் என்பார்கள். உதைபந்துக்காரனுக்கு அங்கே நின்றால் மாலைதீவுதான் தெரிகிறது போல. அப்போதைய அணித்தலைவர் சுஜான் பெரேராவும் மாலைதீவுக் கழகங்களில் ஆடியவர்தான். எங்களைத் தோற்கடிக்கிற நாடு எங்களுடைய நல்ல வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. ஐந்து லட்சம் சனம், பரந்த நிலம்கூட இல்லை, ஆனால் மாதம் முடியச் சம்பளம் கொடுக்கக் கழகங்கள் உண்டு. இதைவிடக் கேவலமான மீம் ஒன்றை ஒருத்தராலும் செய்ய ஏலாது.

இனி 'வெளிநாட்டுக்காரர்' விசயம். நவம்பர்த் தொடரில் எங்களுக்கு அதிக கோல் அடித்தவர் வசீம் ராசீக். பேர்லினில் பிறந்து ஜேர்மனியில் ஆடி வளர்ந்தவர். மாவின் ஹமில்டன் இங்கிலாந்தில் பிறந்தவர். தோற்ற உடனே 'கூலிக்கு ஆள் பிடிச்சும் தோத்திட்டாங்கள்' என்று எழுதினார்கள். தமிழில் எழுதினார்கள், அதுதான் எங்களுக்கு விளங்கவே இல்லை. தம்பி, உன்னுடைய மாமா எங்கே? சித்தி எங்கே? ஸ்காபரோவில் பிறந்த உன்னுடைய மச்சாள் வந்து நல்லூர்த் திருவிழாவில் பாவாடை தாவணியோடு நிற்கிறபோது 'வெளிநாட்டுக்காரி' என்று சொல்வாயா? வீட்டுக்கு ஒருத்தர் கடல் தாண்டிய சமூகம் இது. அப்பாவோ அம்மாவோ இந்த மண்ணிலிருந்து போனதால் ஒரு பெடியன் திரும்பி வந்து இந்தச் சட்டையைப் போட்டு ஓடுகிறான் என்றால், அவனைப் பார்த்து 'நீ ஆர்' என்று கேட்கிற கடைசிச் சனமாக நாங்கள்தான் இருக்க வேண்டும்.

அதற்காக வெளியில் பிறந்தவர்களைக் கொண்டுவந்தால் எல்லாம் சரி என்றும் நாங்கள் நினைக்கவில்லை. ராசீக் நாலு அடித்தாலும் பின்னுக்கு ஐந்து போகும். வெளியிலிருந்து ஒரு நல்ல வீரனைக் கொண்டுவருவது கூரையில் நல்ல ஓடு ஒன்றை வைப்பது போல. கீழே மரம் உக்கிக் கிடந்தால்? சம்மேளனத்துக்கு இது ஒரு வசதியான குறுக்கு வழியாகிவிடக் கூடாது. கிளிநொச்சியில் ஒரு பிள்ளையைப் பத்து வருடம் வளர்ப்பதைவிட, பேர்லினுக்கு ஒரு மின்னஞ்சல் போடுவது மலிவு.

இந்தக் கட்டுரையை எழுத இருந்தபோது எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆறு பேரில் ஒருத்தன் கேட்டான்: "அது அவங்கட ரீம். தோத்தா எங்களுக்கென்ன? அதில நாங்கள் எங்க இருக்கிறம்?" அவனுடைய வீட்டில் இரண்டு படங்களுக்கு மாலை போட்டிருக்கிறது. அவனிடம் போய் 'விளையாட்டில் அரசியலைக் கலக்காதே' என்று சொல்கிற துணிச்சல் எங்களிடம் இல்லை, இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம். விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள், பிரதமர் பெயரில் கிண்ணம் வைக்கும்போது எங்கே போனார்கள்?

ஆனால் இன்னொருத்தி, மன்னார்ப் பக்கம், திருப்பிக் கேட்டாள்: "அப்ப டக்சன் ஆர்? அவனும் அவங்கட ரீமா? அவன் அடிவாங்கி விழேக்க நீ ஏன் திண்ணையால எழும்பினாய்?" அவன் எழும்பினது உண்மை. எல்லோரும் எழும்பினோம். அவன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டான் என்று நாங்கள் எழுத மாட்டோம். ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் இல்லை.

அணியை விரும்பு, கொடியைத் தூக்கு என்று நாங்கள் ஒருத்தரையும் கேட்கவில்லை. விரும்புவது கட்டளையால் வருவதில்லை. ஆனால் 'அவங்கட ரீம்' என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனால் லாபம் ஆருக்கு? சம்மேளனத்துக்குத்தான். வாக்குரிமை உள்ள மாவட்ட லீக்குகள் எங்களுடைய மாவட்டங்களிலும் இருக்கின்றன. தேர்தல் வந்தால் தென்னிலங்கையிலிருந்து வேட்பாளர்கள் அவர்களைத் தேடி வருகிறார்கள். வாக்கைக் கொடுத்தபோது பதிலுக்கு என்ன கேட்டார்கள்? ஒரு சூப்பர் லீக் இடமா? இரவில் ஆட ஒரு மைதானத்துக்கு லைற்றா? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்றுநரா? நாங்கள் கேட்டுப் பார்த்தோம். 'தம்பிமார் படிக்கிற வேலையைப் பாருங்கோ' என்று ஒரு பெரியவர் சொன்னார். பெயர் போடவில்லை. வயதுக்கு மரியாதை. ஆனால் ஐயா, நாங்கள் படிக்கிறது கலைப்பீடம், கேள்வி கேட்கிறதுதான் எங்களுடைய படிப்பு.

எங்களையும் விட மாட்டோம். ஜூலையில் ஆர்ஜென்டினா கோபா அமெரிக்கா எடுத்தபோது எங்களுடைய சந்தியில் வெடி கொளுத்தினோம். மெஸ்ஸி அழ நாங்களும் அழுதோம். பிரேசில்காரப் பெடியளோடு இரண்டு கிழமை கதையில்லை. மரக்கானா எங்கே இருக்கிறது, யார் யாருக்கு எத்தனை மில்லியன் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வோம். ஆனால் இலங்கையின் வலது பின்வரிசையில் ஆடுகிறவன் பெயரை இந்த ஆறு பேரில் எத்தனை பேர் சொன்னோம்? ஒருத்தன். எங்களுடைய ஊர்க் கழகத்தின் இறுதிப்போட்டிக்கு போன தடவை போனது எத்தனை பேர்? இரண்டு பேர், அதிலும் ஒருத்தன் அங்கே ஐஸ்கிறீம் விற்கிற அண்ணனைப் பார்க்கப் போனவன். எந்த ஆட்டத்துக்கும் போகாமல், எந்தக் கூட்டத்திலும் கை தூக்காமல், தோற்ற இரவில் மட்டும் எழும்பி வந்து சிரிக்கிற ரசிகனைச் சம்மேளனத்துக்கு மிகவும் பிடிக்கும். அவன் ஒரு கேள்வியும் கேட்க மாட்டான், அடுத்த நாள் லா லீகாவுக்குத் திரும்பிப் போய்விடுவான்.

வாசிகசாலைக்கு முன்னால் இருக்கிற மைதானம் இப்போது குளம். மார்கழி முடியும் வரை அப்படித்தான். ஒரு மூலையில் கொஞ்சம் மேடு, அதில் பத்துப் பன்னிரண்டு பெடியள் முழங்கால் சேற்றோடு ஆடுகிறார்கள். அதில் ஒருத்தன், ஒன்பதாம் வகுப்பு, இடது கால்காரன். அவன் பந்தைத் தொடுகிறதைப் பார்க்க நாங்கள் படிப்பை விட்டுவிட்டுத் திண்ணைக்கு வருவோம். இறுதிப்போட்டி முடிந்து மூன்றாம் நாள் அவன் வந்து கேட்டான்: "அண்ணை, சூப்பர் லீக்கில ஆடுறதெண்டா எங்க போய்ப் பதியோணும்?"

அரசியல் விஞ்ஞானம் படிக்கிறவன், வரலாறு படிக்கிறவள், புவியியல் படிக்கிறவன் எல்லோரும் முகத்தை முகம் பார்த்தோம். கொழும்புக்குப் போ என்று சொல்வதா? ஆருடைய வீட்டில் தங்குவான்? படையில் சேர் என்று சொல்வதா? மாலைதீவுக்குப் போ என்று சொல்வதா? "நாங்கள் விசாரிச்சுச் சொல்லுறம்" என்றோம். அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பச் சேற்றுக்குள் இறங்கிவிட்டான்.

விசாரித்தோம். அதுதான் இவ்வளவும். இப்போது மாவட்ட லீக்குக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம், சம்மேளனத்துக்குச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பிரதி போகும். கேள்வி மூன்றுதான்: அடுத்த சூப்பர் லீக்கில் வடக்குக்கும் கிழக்குக்கும் இடம் உண்டா, அதற்குக் கழகங்களைத் தயார்படுத்த என்ன செய்கிறீர்கள், படையில் சேராத ஒரு பிள்ளை தேசிய அணிக்குப் போகிற பாதை எது. கடிதம் வாசிகசாலை மேசையில் இருக்கு. கையெழுத்துப் போடுகிற ஆட்கள் ஆறு மணிக்குப் பிறகு வாங்கோ. கரண்ட் இல்லாட்டி மெழுகுதிரி வைச்சிருக்கிறம்.